ஹெட் கேஸ்கட் மறுபடி மறுபடி போவது ஏன்? வாசகர் கேள்வி – பதில்

ஃபோர் வீல் ஜீப்பும் டிராக்டரும் வைத்திருக்கும் டெல்டா வாசகர்கள் ஹெட் பற்றிக் கேட்டவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஹெட் என்பது சிலிண்டர்கள் உள்ள பிளாக்கின்மேல் போல்ட் போட்டு இறுக்கும் மூடி; இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கட். எல்லாமே புஷ் ராடு (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) உள்ள, பழைய வகை நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் பற்றிய கேள்விகள். காமன் ரெயில் வண்டிக்கு (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து மிக அதிக அழுத்தத்தில் டீசல் போகும் புது வகை) எது பொருந்தாதோ அதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம். நாங்கள் தரும் அளவுகள் முறையைப் புரிந்துகொள்வதற்காக. போல்ட் முடுக்கும் அளவு, டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இடம்), கேஸ்கட் கனம் ஆகிய மூன்றையும் உங்கள் இன்ஜினின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்தே வையுங்கள். மேனுவல் கைக்கு வராமல் ஹெட் போல்ட்டில் ஸ்பானர் வைக்க வேண்டாம்.

ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். வண்டி தினம் பால் சொசைட்டி வரை 2 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. சூடும் ஏறவில்லை. இறக்கத்தான் வேண்டுமா ஐயா? – ஒரத்தநாடு வாசகர்

இப்போதைக்கு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொஞ்ச தூரம் மட்டும் ஓடி நிற்கும் வண்டிக்கு இது வழக்கம். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் மூடிக்கு அடியில் குளிர்ந்து, ஆயிலோடு கலந்து வெண்ணெய் போல ஆகிறது. மூடியைத் துடைத்துவிட்டு ஒரே ஓட்டமாக 40 கிலோமீட்டர் போய் வாருங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்து, அளவு ஏறாமலும் இருந்தால் கேஸ்கட்டின் மேல் பழி இல்லை.

சந்தேகம் தீரவில்லை என்றால் காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் இரண்டு மூன்று குமிழி வருவது அடைந்து கிடந்த காற்று. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குமிழி விடாமல் வந்தால் சிலிண்டரில் எரியும் வாயு தண்ணீருக்குள் நுழைகிறது என்று அர்த்தம். மூடியைப் போட்டு, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் போல இறுகினாலும் அதே குற்றம்தான். தண்ணீர் சூடாகி அழுத்தம் ஏற அவ்வளவு சீக்கிரம் ஆகாது. இன்னும் உறுதி வேண்டுமானால் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை இருக்கிறது. புகையிலுள்ள கரியமில வாயு பட்டால் நீலம் மஞ்சளாகிவிடும்.

ஒரு வகைக் கோளாறு மட்டும் இந்தச் சோதனைகளில் தப்பிவிடும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டுக்கும் நடுவே மட்டும் கேஸ்கட் எரிந்திருந்தால் தண்ணீரும் ஆயிலும் சுத்தமாகவே இருக்கும். இழுவை மட்டும் போயிருக்கும். கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரும் சேர்ந்தாற்போல் குறைவாகக் காட்டும்.

ஜீப்பில் எட்டு மாதத்தில் இரண்டு தடவை ஹெட் கேஸ்கட் மாற்றியாகிவிட்டது. சேற்று வயலிலும் வாய்க்கால் கரையிலும் ஃபோர் வீல் போட்டு டிரெய்லர் இழுக்கிற வண்டி. மூன்றாவது தடவை வீட்டிலேயே நானே செய்யலாம் என்றிருக்கிறேன். நல்ல கம்பெனி கேஸ்கட் எது? – மன்னார்குடி வாசகர்

கேஸ்கட்டின் கம்பெனியைப் பிறகு பார்ப்போம். இரண்டு கேஸ்கட்டையும் எது கொன்றது என்று தெரியாமல் மூன்றாவதைப் போட்டால் அதுவும் போகும். கழற்றிய பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே கறுத்து எரிந்திருந்தால் ஹெட் வளைந்திருக்கிறது, அல்லது நடு போல்ட்டுகள் சரியாக இறுகவில்லை. தண்ணீர்த் துளைகளைச் சுற்றித் துருவேறி அரித்திருந்தால் தண்ணீர் சரியில்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்தின் தடம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் லேசாகவும் இருந்தால், ஹெட்டும் பிளாக்கும் சேரும் முகத்தில் கரி இருக்கும்போதே போட்டிருக்கிறார்கள், அல்லது லைனர் (பிஸ்டன் ஓடும், பிளாக்கில் செருகிய உருளை) உயரம் ஏறி இறங்கியிருக்கிறது.

உங்கள் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூடு. லோ ரேஞ்சில், அதாவது வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியரில், சேற்றில் இழுக்கும்போது வண்டி நடை வேகத்தில்தான் நகர்கிறது. இன்ஜினோ முழு மூச்சில் உழைக்கிறது. ரோட்டில் ஓடும்போது முகப்பில் அடிக்கும் காற்று அங்கே கிடையாது. ஃபேன் இழுக்கும் காற்றை மட்டுமே நம்பி இன்ஜின் நிற்கிறது. பழைய ஜீப் பலவற்றில் ஃபேனைச் சுற்றியுள்ள தகரக் கூண்டு, அதாவது ஷ்ரவுட், எப்போதோ கழற்றி வீசப்பட்டிருக்கும். அது இல்லாவிட்டால் ஃபேன் தன்னைச் சுற்றியுள்ள காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். ரேடியேட்டர் வழியாக இழுக்காது. கூண்டைத் தேடிப் பிடித்து மாட்டுங்கள்.

அடுத்தது ரேடியேட்டரின் முகம். நம் களிமண் சேறு தெறித்துக் காய்ந்தால் துடுப்புத் தகடுகளுக்கு நடுவே செங்கல் போல இறுகிவிடும். தை அறுப்பில் பதரும் வைக்கோல் தூசியும் அதன்மேல் படியும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், அதிக அழுத்தம் வேண்டாம், தகடு மடிந்துவிடும். முன்பக்கமிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும்.

ரேடியேட்டர் மூடியை அலட்சியமாக நினைக்க வேண்டாம். 0.9 பார் அழுத்தம் பிடிக்கும் மூடி சரியாக இருந்தால் உள்ளே வெறும் தண்ணீரே 118 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் செத்துப்போனால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஹெட்டுக்குள் வால்வுகளுக்கு நடுவே நீராவி கட்டிக்கொண்டால் அந்த இடத்தில் உலோகத்தைக் குளிர வைக்க எதுவும் இல்லை.

சூடேறினால் கேஸ்கட் ஏன் கிழிகிறது என்றால், அலுமினிய ஹெட்டும் வார்ப்பிரும்பு பிளாக்கும் ஒரே அளவில் விரிவதில்லை. அரை மீட்டர் நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால் தன்னிச்சையில் 0.9 மி.மீ. நீளும், அதே நீள பிளாக் 0.45 மி.மீ.க்குள்தான் நீளும். இந்த வித்தியாசம் முழுவதையும் நடுவில் மாட்டிய கேஸ்கட்தான் தாங்குகிறது. சூடு வரம்பு மீறினால் போல்ட்டுக்கு அடியில் அலுமினியம் நசுங்கி, ஆறியபின் பிடிப்பு தளர்ந்துவிடும். இரும்பு ஹெட்டில் நசுங்கல் குறைவு. அங்கே பயம் விரிசல்.

இவற்றைச் சரி செய்தபின் கேஸ்கட்டுக்கு வாருங்கள். இன்ஜின் தயாரித்த கம்பெனியின் பார்ட் நம்பருக்குச் சரியானதாக இருக்க வேண்டும். பழையதன்மேல் வைத்து ஒவ்வொரு துளையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹெட்டைக் கழற்றும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்? உதவிக்குத் தம்பி ஒருவன்தான். – திருத்துறைப்பூண்டி வாசகர்

இரண்டு பேர் போதும், ஆனால் ஹெட்டைத் தூக்க செயின் புல்லி வைத்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு ஹெட் வால்வுகளோடு ஏறக்குறைய ஒரு யூரியா மூட்டை கனம். அந்தக் கனத்தைப் பானட்டின்மேல் குனிந்தபடி தூக்கினால் முதுகு போகும், அல்லது கடைசி நொடியில் கை நழுவி கேஸ்கட்மேல் விழும்.

நான்கு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) லீவர் நியூட்ரலில் இருந்தால் கியர் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். ஃபோர் வீல் வண்டிக்காரர்கள் பலரும் இதை மறக்கிறார்கள். பேட்டரி நெகட்டிவ் கழற்றுங்கள். இன்ஜின் இரவெல்லாம் ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரோடு நிறுத்தாமல் பிளாக்கின் பக்கவாட்டு வடிகால் குழாயையும் திறந்து வடியுங்கள். அங்கே சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். இல்லையென்றால் ஹெட்டைத் தூக்கிய நொடியில் தண்ணீர் சிலிண்டருக்குள் கொட்டும்.

டீசல் குழாய்களைக் கழற்றியவுடன் இன்ஜெக்டர் வாய், பம்ப் வாய் இரண்டையும் மூடுங்கள். ஒரு பதர்த் தூசி போதும் நாசில் கெட. ராக்கர் ஷாஃப்ட்டை இறக்கியபின் புஷ் ராடை நேராக இழுக்காமல் லேசாகத் திருகிவிட்டுத் தூக்குங்கள். ஆயில் பிடிப்பில் கீழே உள்ள டேப்பட்டும் சேர்ந்து வந்து வழியில் விழுந்துவிடலாம். அட்டைப் பெட்டியில் எட்டுத் துளை போட்டு நம்பர் எழுதி, எந்த ராடு எங்கிருந்து வந்ததோ அந்த வரிசையில் செருகுங்கள்.

போல்ட்டுகளை இறுக்கும் வரிசைக்கு நேர் எதிராகத் தளர்த்த வேண்டும்: ஓரத்திலிருந்து நடுவுக்கு, முதல் சுற்றில் கால் திருப்பு மட்டும். ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்ப வேண்டாம். அந்தக் கீறல் வழியாகத்தான் பிறகு கசியும். மெனிஃபோல்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் விடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் இன்ஜின் தண்ணீர் நேராகப் படும் ஈர லைனர் வகை என்றால், ஹெட் இறங்கியபின் யாரும் கிராங்கைச் சுற்றக் கூடாது. பிஸ்டனோடு லைனரும் மேலே எழும்பி, அடியிலுள்ள ரப்பர் வளையம் நகர்ந்து, தண்ணீர் ஆயில் சம்ப்புக்குள் (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்கும். ஒரு நாள் வேலை இன்ஜின் முழுவதையும் பிரிக்கும் வேலையாகிவிடும். சுற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பெரிய வாஷரும் போல்ட்டும் போட்டு லைனர்களைப் பிளாக்கோடு அமுக்கி வைத்துவிட்டுச் சுற்றுங்கள்.

லேத் பட்டறையில் ஹெட்டைக் கொடுத்தேன். “எதற்கும் ஒரு மில்லிமீட்டர் கிரைண்டிங் பண்ணிவிடுவோம்” என்றார்கள். பண்ணலாமா? – பாபநாசம் வாசகர்

கூடாது. வளைவு எவ்வளவு என்று அளந்து பார்க்காமல் கிரைண்டிங் மெஷினில் ஏற்ற விடாதீர்கள்.

முகத்தைச் சுத்தம் செய்து, நேர்த்தியான ஸ்ட்ரெய்ட் எட்ஜை நீளவாட்டில் இரு ஓரமும் நடுவும், மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு, அகலவாட்டில் சிலிண்டர்களுக்கு நடுவே என்று வையுங்கள். அடியில் ஃபீலர் கேஜைச் செருகிப் பாருங்கள். பெரும்பாலான இன்ஜின்களுக்கு அகலவாட்டில் 0.05, நீளவாட்டில் 0.10 மி.மீ. என்கிற அளவை ஒட்டித்தான் வரம்பு இருக்கும். அதே சோதனையைப் பிளாக்கின் முகத்துக்கும் செய்யுங்கள். ஹெட்டை மட்டும் பார்த்துவிட்டு பிளாக்கை மறப்பது கேஸ்கட் மறுபடி போவதற்கு ஒரு காரணம்.

டீசல் ஹெட்டில் தேய்க்க இடம் மிகக் கொஞ்சம். தேய்த்தால் வால்வின் தலை ஹெட் முகத்துக்கு அருகே வந்துவிடும், பிஸ்டனில் தட்டும். சுழல் அறை (டீசல் எரியத் தொடங்கும் சின்ன அறை) உள்ள பழைய ஹெட்டில் அறையின் கொள்ளளவும் மாறும். வால்வு முகத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று தேய்ப்பதற்கு முன்பும் பின்பும் டெப்த் கேஜ் வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். தேய்ப்பதற்கு முன்னால் இன்னொன்று: வாட்டர் ஜாக்கெட்டை அடைத்து, சூடான தண்ணீரில் ஹெட்டை மூழ்கவைத்துக் காற்றழுத்தம் கொடுத்து விரிசல் பார்க்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் தெரியாத விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். விரிசல் உள்ள ஹெட்டுக்குக் கிரைண்டிங் கூலி கொடுத்துப் பயன் இல்லை.

வால்வு தேய்த்து உட்கார வைத்தபின் வாங்கும்போது, ஹெட்டைக் கவிழ்த்து போர்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். வால்வு ஓரத்தில் கசிவு கூடாது. மழை மாதமானால் புதிதாகத் தேய்த்த இரும்பு முகம் ஒரே இரவில் துருவேறும். மெல்லிசாக ஆயில் தடவிச் சுற்றி வையுங்கள். மாட்டும்போது சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

கேஸ்கட் கடையில் ஒரே இன்ஜினுக்கு ஓரத்தில் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று வெட்டு என்று காட்டுகிறார்கள். எதை வாங்குவது? போன வருடம் மழைக்கு வாய்க்காலைத் தாண்டும்போது வண்டி தண்ணீரில் நின்றுபோனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். – கும்பகோணம் வாசகர்

கடைசியாகச் சொன்னதை மறைக்காமல் சொன்னீர்களே, அதற்குத் தனியாகப் பதில் இருக்கிறது.

வெட்டுகள் கேஸ்கட்டின் கனத்தைக் குறிக்கும். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது பிளாக் முகத்தைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்த்துக் கனம் முடிவாகும். பிளாக் முகத்தில் டயல் கேஜை வைத்துப் பூஜ்யம் செய்யுங்கள். பிஸ்டனின் கிராங்க் அச்சுக்கு நேர்மேலே முன்பக்கமும் பின்பக்கமுமாக இரண்டு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். பக்கவாட்டில் அளந்தால் பிஸ்டன் சாய்ந்து ஏமாற்றும். நான்கு சிலிண்டரில் எது அதிகம் நீட்டுகிறதோ அந்த எண்ணுக்குத்தான் கேஸ்கட். மேனுவலில் உள்ள அட்டவணையில் அதற்கு எத்தனை வெட்டு என்று இருக்கும். உதாரணமாக, நீட்டல் 0.6 மி.மீ., இறுகியபின் கேஸ்கட் 1.4 மி.மீ. என்றால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே 0.8 மி.மீ. மிஞ்சும்.

கனமாகப் போட்டால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். 90 மி.மீ. போரும் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட இன்ஜின் ஒன்றுக்கு கம்ப்ரஷன் 20:1, அதாவது காற்று இருபதில் ஒரு பங்காக அமுங்குகிறது, என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் 573 சி.சி., மேலே மிஞ்சும் இடம் 30 சி.சி. கேஸ்கட் 0.2 மி.மீ. கூடினால் இன்னும் 1.3 சி.சி. சேரும், கம்ப்ரஷன் ஏறக்குறைய 19.2க்கு இறங்கும். மார்கழிக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், வெள்ளைப் புகை தள்ளும்.

இனி வாய்க்கால் விஷயம். ஏர் கிளீனர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். வளைந்த ராடோடும் வண்டி ஓடும், உங்கள் வண்டி ஓடிக்கொண்டிருப்பது போல. மூன்று பிஸ்டன் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்க, ஒன்று மட்டும் ஓரிரு பத்தில் மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் அந்த ராடைக் கழற்றிப் பாருங்கள். அதை விட்டுவிட்டு கேஸ்கட் போடுவது வீண். ஒருநாள் ராடு உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

இருக்கிற டார்க் ரென்ச் மிகப் பழையது, நம்பலாமா தெரியவில்லை. கொப்பரை எடை போடும் வில் தராசு இருக்கிறது. அதை வைத்து ஹெட் போல்ட் இறுக்க முடியுமா? – பட்டுக்கோட்டை வாசகர்

முடியும், கணக்கு நேரானது. கிலோ-மீட்டர் என்பது ஒரு மீட்டர் கைப்பிடியின் நுனியில் எத்தனை கிலோ இழுக்கிறோம் என்பதுதான். போல்ட்டின் மையத்திலிருந்து கொக்கி வரை அளந்து 60 செ.மீ. என்றால், 12 கிலோ-மீட்டருக்கு 20 கிலோ இழுக்க வேண்டும். கைப்பிடிக்குச் செங்கோணமாக, தரைக்கு இணையாக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் தராசு காட்டுவது முழுவதும் போல்ட்டுக்குப் போய்ச் சேராது. தராசை ஒரு தெரிந்த படிக்கல்லில் தொங்கவிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதே முறையில் பழைய ரென்ச்சைச் சோதித்து, பிறகு ரென்ச்சாலேயே இறுக்குவது எங்கள் விருப்பம். இத்தனை டிகிரி திருப்பு என்று சொல்லும் புது வகை போல்ட்டுக்கு டிகிரி வட்டு வேண்டும், தராசு உதவாது.

அலகில் ஏமாற வேண்டாம். 12 கிலோ-மீட்டர் என்பது 118 நியூட்டன்-மீட்டர், 87 பவுண்டு-அடி. 118ஐப் பவுண்டு-அடி என்று படித்து இறுக்கினால் போல்ட் நீண்டு போகும், அல்லது பிளாக்கின் மரை கையோடு வரும்.

ரென்ச் சரியாக இருந்தாலும் மரை அழுக்காக இருந்தால் எல்லாம் பொய். நீங்கள் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது. ஹெட்டை அமுக்குவது மிச்சமுள்ள ஒரு பங்குதான். துருவால் உராய்வு கொஞ்சம் கூடினாலே அந்த ஒரு பங்கும் காணாமல் போகும், ரென்ச் மட்டும் 12 என்று சொல்லும். பழைய ஹெட் போல்ட் ஒன்றில் நீளவாட்டில் ஹேக்ஸா பிளேடால் இரண்டு கோடு வெட்டி, அதை ஒவ்வொரு துளையிலும் கையால் இறக்கி ஏற்றினால் அழுக்கை வழித்துக்கொண்டு வரும். மரை வெட்டும் டேப் போட வேண்டாம், இரும்பையே சுரண்டிவிடும்.

பிறகு துளையின் அடி. அடி மூடிய துளையில் ஆயிலோ தண்ணீரோ நின்றால் போல்ட் இறங்கும்போது அதற்குப் போக வழியில்லை. திரவம் அமுங்காது, பிளாக்தான் வெடிக்கும். கம்பியில் துணி சுற்றி ஒற்றி எடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக் காற்று அடியுங்கள். போல்ட் மரையிலும் தலைக்கு அடியிலும் இன்ஜின் ஆயில் மெல்லிசாகத் தடவி வடியவிடுங்கள், துளைக்குள் ஊற்ற வேண்டாம். தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் திறக்கும் துளை இருந்தால் அந்த போல்ட்டுக்கு மட்டும் மேனுவல் சொல்லும் மரைப் பசை வேண்டும்.

முகங்களைச் சுரண்ட மரம் அல்லது பிளாஸ்டிக் சுரண்டி போதும். சுழலும் உப்புத்தாள் வட்டு மாட்டிய மெஷினைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். அதிலிருந்து உதிரும் துகள் ஆயில் வழியில் இறங்கினால் சில நாளில் பேரிங்கைத் தின்றுவிடும். சுரண்டும்போது ஆயில் துளை, தண்ணீர்த் துளை எல்லாவற்றிலும் துணி அடையுங்கள். பிஸ்டன் ஓரத்தில் கிரீஸ் ஒரு கோடு வைத்தால் கரி அதில் ஒட்டும், வழித்து எடுத்துவிடலாம். கடைசியில் இரு முகமும் எண்ணெய்ப் பசை இல்லாமல் தின்னரால் துடைத்துக் காய வேண்டும்.

கேஸ்கட்டில் மேல்பக்கம் என்று எழுதியிருக்கும் பக்கம் மேலே வர வேண்டும். கவிழ்த்துப் போட்டால் ராக்கருக்கு ஆயில் ஏறும் துளை அடைபடும். கேஸ்கட்டின் தண்ணீர்த் துளை சில இடத்தில் பிளாக்கின் துளையைவிடச் சிறிதாக இருக்கும். தவறு என்று நினைத்துக் கத்தரிக்கோலால் பெரிதாக்குகிறார்கள். கடைசி சிலிண்டர் வரை தண்ணீர் போய்ச் சேரட்டும் என்றுதான் முன்பக்கத் துளைகளைச் சிறிதாக்கியிருக்கிறார்கள், கை வைக்காதீர்கள்.

பழைய போல்ட் இரண்டின் தலையை அறுத்து, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க ஒரு காடி வெட்டி, எதிர் எதிர் மூலையில் நட்டு வைத்தால் ஹெட் அதைப் பிடித்து நேராக இறங்கும். கேஸ்கட்மேல் உட்கார்ந்தபின் ஹெட்டை இழுத்துச் சரிசெய்யக் கூடாது. எல்லா போல்ட்டும் கையால் உட்கார்ந்தபின், நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி ஓரத்துக்குப் போகும் வரிசையில் 4, பிறகு 8, பிறகு 12 என்று மூன்று சுற்று. ஓரத்தில் தொடங்கினால் நடுவில் ஹெட் வில்லாக நிற்கும்.

சின்னக் கேள்விகள் சில

நீடாமங்கலம்: பழைய போல்ட்டையே போடலாமா? டிகிரி கணக்கில் இறுக்கும் நீளும் வகை என்றால் கூடாது, ஒவ்வொரு தடவையும் புதிது. சாதாரண வகை என்றால், எல்லா போல்ட்டையும் வரிசையாக நிறுத்தி ஒன்றோடொன்று நீளம் பாருங்கள். கழுத்து மெலிந்தது, மரை இழுபட்டது, நீண்டது எதுவும் மறுபடி உள்ளே போகக் கூடாது.

திருவாரூர்: கேஸ்கட்டுக்கு கிரீஸ், சிலிக்கான் பசை? வேண்டாம், உலர்ந்தபடியே. கிரீஸ் எரிந்து இடைவெளி விடும். பசை பிதுங்கித் தண்ணீர் வழியை அடைக்கும்.

மயிலாடுதுறை: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் குளிர்ச்சியாக ஓடுமா? பைபாஸ் வழி உள்ள பல இன்ஜினில் நேர் எதிராக நடக்கும். பைபாஸை மூட ஆள் இல்லாமல் வெந்நீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா பார்த்து, இல்லையென்றால் புதிது மாட்டுங்கள்.

நாகப்பட்டினம்: இன்ஜெக்டரின் காப்பர் வாஷர்? புதிதுதான். அதைவிட முக்கியம், பழைய வாஷர் துளையின் அடியில் ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. இரண்டு வாஷர் சேர்ந்தால் நாசில் மேலே தூக்கி நிற்கும், புகை கக்கும்.

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. ரேடியேட்டருக்கு வேறு வழியில்லாமல் அதைத்தான் ஊற்றுகிறோம். ஹெட்டில் தண்ணீர்த் துளைகள் எல்லாம் பொத்தல் பொத்தலாக அரித்திருக்கின்றன. – வேதாரண்யம் வாசகர்

கடலோர உப்புத் தண்ணீர் இரும்பையும் அலுமினியத்தையும் நேராகத் தின்னும். உள்ளே தள்ளி, கடினத் தண்ணீர் ஊற்றுகிற ஊர்களில் அது சுண்ணாம்பாகப் படியும். 1 மி.மீ. படிவம் சூட்டைத் தடுப்பதில் 20 மி.மீ.க்கும் மேலான வார்ப்பிரும்புக்குச் சமம். தண்ணீர் நிறைந்திருந்தும் ஹெட் வேகிறதற்குக் காரணம் அதுதான்.

கூலன்ட் பனி நாட்டுக்காரர்களுக்கு என்று எண்ண வேண்டாம். நமக்கு வேண்டியது அதிலுள்ள துருத் தடுப்பும், கொதிநிலையை ஏற்றும் குணமும். இன்ஜின் 10 லிட்டர் பிடிக்குமானால் 5 லிட்டர் கூலன்ட், 5 லிட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். கலந்தே விற்கும் வகைக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டாம். வெவ்வேறு வகைகளைக் கலக்கவும் வேண்டாம். வயலில் அவசரம் என்றால், இன்ஜின் நன்றாக ஆறியபின் மட்டும் கிடைத்த தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேருங்கள், மறுநாளே வடித்துக் கழுவுங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

உங்கள் ஹெட்டைப் பொறுத்தவரை, அரிப்பு கேஸ்கட்டின் அமுக்கும் கோட்டுக்குள் நுழையவில்லை என்றால் சுத்தம் செய்து போடலாம். கோட்டைத் தாண்டியிருந்தால் வெல்டிங் செய்து முகம் தேய்க்க வேண்டும்; அதற்குமேல் போயிருந்தால் வேறு ஹெட்தான். மேலே ஒட்டும் பசை எதையும் நம்பாதீர்கள்.

ஹெட் ஏற்றிவிட்டோம். இனி முதல் ஸ்டார்ட். எந்த வரிசையில் செய்ய வேண்டும்? – திருவையாறு வாசகர்

முதலில் டேப்பட். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் டீசல் எரியும் வரிசை) 1-3-4-2 உள்ள இன்ஜினில், 4ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் தருணத்தில் 1ஐச் சரிசெய்யுங்கள். கிராங்கை அரைச் சுற்று திருப்பினால் 2 அப்படி நிற்கும், 3ஐச் செய்யுங்கள். அடுத்த அரைச் சுற்றில் 1 ஆடும்போது 4, அதற்கடுத்து 3 ஆடும்போது 2. இந்த இரண்டு சுற்றும் கையால்தான். எங்காவது கட்டியாகத் தடுத்தால் நிறுத்திவிடுங்கள், வால்வு தட்டுகிறது அல்லது சிலிண்டரில் தண்ணீர் நிற்கிறது.

ஆயிலும் ஆயில் ஃபில்டரும் புதிது போடுங்கள், கழற்றும்போது எவ்வளவு கவனித்தாலும் கொஞ்சம் தண்ணீர் சம்ப்பில் இறங்கியிருக்கும். முன்பு ஆயில் மோராகியிருந்தால் 20 நிமிடம் ஓட்டி, மறுபடி ஒரு தடவை மாற்றுங்கள்.

வாய்க்கால் கரை ஏற்றத்தில் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். காற்று தானே ரேடியேட்டர் வாய் வழியாக வெளியேறும். டீசல் ஃபில்டரிலுள்ள கைப்பம்பை அமுக்கி, ஏர் திருகைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை விடுங்கள். டீசலை நிறுத்தும் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் அடியுங்கள்; ஒரே மூச்சில் அடிக்காமல் விட்டு விட்டு. பிறகு இரண்டு இன்ஜெக்டரின் குழாய் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்குங்கள். கையை அங்கே வைக்காதீர்கள், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காமன் ரெயில் வண்டியில் அந்த நட்டுகளைத் தளர்த்தவே கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரில் தேங்கிய தண்ணீர் வெள்ளைப் புகையாக வரும். 10, 15 நிமிடத்தில் நின்றுவிட வேண்டும். ராக்கருக்கு ஆயில் ஏறுகிறதா என்று ஆயில் மூடி வழியாகப் பாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸ் சூடாகும்வரை மிதமான வேகத்தில் ஓடட்டும். பின்பு நிறுத்தி, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் கூலன்ட் அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் நிரப்புங்கள்.

மேனுவல் மறுபடி இறுக்கச் சொல்லும் வகை கேஸ்கட் என்றால் அதை அந்தக் காலையிலேயே செய்யுங்கள்: அதே வரிசையில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு போல்ட்டை மட்டும் கால் திருப்பு தளர்த்தி, கடைசி அளவுக்கு இறுக்கி, பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். தளர்த்தாமல் மேலேயே இறுக்கினால் ஒட்டிக்கிடந்த மரை நகராமலே ரென்ச் ‘கிளிக்’ என்று சொல்லிவிடும். போல்ட் இறுகினால் ஹெட் இன்னும் கொஞ்சம் அமுங்கி டேப்பட் இடைவெளி மாறியிருக்கும், அதையும் அப்போதே மறுபடி பார்த்துவிடுங்கள். 500 கிலோமீட்டர் கழித்து டேப்பட்டை இன்னொரு முறை பார்க்கும்வரை லோ ரேஞ்சில் டிரெய்லர் இழுக்க வேண்டாம்.